இருபத்து மூன்றாவது டிரம்

அணைந்த தீக்குச்சியின் வாசனை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. வாசனையா, எனக்கா? கழிவு மூட்டையில் ஒட்ட வேண்டிய சீட்டில் ‘சுத்திகரிப்புத் தொட்டிச் சேறு, நாற்பது கிலோ’ வரைக்கும் எழுதியிருக்கிறேன், தேதி போடவில்லை, கை அப்படியே சீட்டின் மேல் கிடக்கிறது. மணி பத்து பத்து. எதிரே அறுபது அடி நீளத்துக்கு எங்கள் சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோர், அதற்குள் நான் ஒருத்தி. இங்கே தீக்குச்சி யாரும் கிழிக்க முடியாது, பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவேன். மறுபடி மூச்சை இழுக்கிறேன். இருக்கிறது. இன்னொரு தடவை. இல்லை. தலையை லேசாக இடது பக்கம் திருப்பினால் இருக்கிறது. எழுந்து நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, யாராவது பெரியவர்கள் உள்ளே வந்தால் எழுந்திருப்போமே அப்படி நிற்கிறேன். பதினாலு மாதம். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டது, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரசத்தில் கொத்தமல்லி போட்டேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் அன்றைக்கு. சாதம் அடிப்பிடித்துக் கரிந்து, வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தார், நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே வெங்காயம் அரிந்துகொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை. அப்புறம் மெதுவாக, “செல்வநாயகி, உனக்கு வாசம் தெரியலையா” என்றார். அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் டாக்டருக்கும்.

சந்தோஷப்படாதே. முதலில் அதை அடக்கு. இதற்கு முன்பும் வந்திருக்கிறது, பொய்யாக வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு முழுக்க ரப்பர் எரிகிற நாற்றம், நிஜமாகவே நாற்றம், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. கேஸ் சிலிண்டரை நானே இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து மோந்து பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றுமே இல்லை. ஈரோட்டில் மூக்கு டாக்டர் சொன்னார், நரம்பு அடிபட்டிருந்தால் இல்லாத வாசனையை இருக்கிறது என்று சொல்லும், பயப்பட வேண்டாம், நம்பவும் வேண்டாம். நம்ப வேண்டாம் என்று சொன்னது சரி. ஆனால் நான் கெமிக்கல் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை, துணிக்கடையில் வேலை என்று சொன்னேன். அவர் இன்னொன்றும் சொன்னார், ஆசிட் மூக்கைக் குத்துவது, மிளகாய் எரிவது எல்லாம் வேறு நரம்பு, அது உங்களுக்குக் கெடவில்லை என்று. அது உண்மை. அசிட்டிக் ஆசிட் கேன் மூடியைத் திறந்தால் குத்தும், வாசனை இல்லாத வெறும் குத்தல், ஊசி மாதிரி. அந்தக் குத்தலை வைத்துத்தான் பதினாலு மாதம் ஓட்டினேன். ஆனால் குத்துகிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம், மற்றவர்கள் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே மோந்து சொல்லியிருப்பார்கள். இப்போது இருப்பது குத்தல் இல்லை. மெதுவாக, பக்கவாட்டில், யாரோ என் பேரைத் தூரத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. ஒன்று, நிஜமாக வந்துவிட்டது. இரண்டு, அந்த ரப்பர் நாற்றம் போலப் பொய். நிஜம் என்றால் என் மூக்கு திரும்பிவிட்டது. நிஜம் என்றால் ஹைட்ரோ சூடாகிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் வரும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கடவுளே, நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேனே இப்போது, ஒரு கணம் வேண்டிக்கொண்டேன், என்ன பொம்பளை நான்.

ஹைட்ரோ என்றால் வெள்ளைத் தூள், துணியில் ஏறிய சாயத்தைக் கழற்றுவதற்கு. உலர்ந்திருந்தால் சாது. துளி ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, கந்தக வாசனை விட்டு, புகைந்து, தானாகவே தீப்பிடிக்கும். அதற்குத்தான் அதை மேட்டில் மரப்பலகை போட்டு, கூரை ஒழுகாத மூலையில் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஸ்டோரில் இருந்தவர் ஹைட்ரோவையும் ஆசிட்டையும் முதுகோடு முதுகாக அடுக்கியிருந்தார். அப்போது நான் சாயம் நிறுக்கிற இடத்தில் இருந்தேன். ஒரு நாள் ஸ்டோர் வாசலைத் தாண்டிப் போகும்போது நின்று, “உள்ள என்னமோ ஒழுகுதுங்க” என்றேன். யாருக்கும் ஒரு வாசமும் தெரியவில்லை. கேன்களை நகர்த்திப் பார்த்தால் அடியில் ஆசிட் கசிந்து ஹைட்ரோ டிரம்முக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. மேனேஜர் தண்டபாணி சார் எல்லோர் முன்னாலும் சொன்னார், “இந்த மூக்கு ஸ்டோர்ல இருக்க வேண்டிய மூக்கு.” மறு வாரமே இந்த மேசை. ஐந்து வருஷம். நாயகியக்கா மூக்கு என்று பேர். துணியில் வித்தியாசமான வாசம் வந்தால் என்னிடம் கொண்டு வருவார்கள், நான் மோந்து பார்த்து, வெளுக்கப் போட்ட பெராக்சைடு சரியாக அலசவில்லை என்பேன், சரியாக இருக்கும். இந்தப் பதினாலு மாதமும் கொண்டு வந்தார்கள். நான் துணியை மூக்கிடம் கொண்டுபோய், கண்ணை மூடி, அப்புறம் “எதுக்கும் இன்னொருக்கா அலசிருங்க” என்றேன். எல்லாத் துணிக்கும் அதையே சொன்னேன். பொய். ஆனால் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும், மூக்கு போன பிறகுதான் நான் ஸ்டோரை ஸ்டோர் மாதிரி வைத்தேன். ஆசிட்டுக்குத் தனிச் சுவர் கேட்டு வாங்கினேன், அடியில் தொட்டி மாதிரித் தட்டு வைத்தேன், பெராக்சைடை வெளியே தனிக் கொட்டகைக்கு மாற்றினேன். காலையும் மாலையும் ஒவ்வொரு ஹைட்ரோ டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. மூக்கு இருந்த காலத்தில் ஒரு நாளாவது தொட்டேனா?

தொட்டேன், இன்றைக்கும் தொட்டேன், ஒன்பது மணிக்கு, இருபத்து இரண்டு டிரம், எல்லாம் ஜில்லென்று இருந்தது. அப்படியானால் பொய். பொய்தான். உட்கார். உட்கார முடியவில்லை. ஆபத்துச் சங்கின் பொத்தான் கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக இருக்கிறது, நானே எழுதிய பலகை அதன் மேல், ‘சந்தேகம் வந்தாலே அழுத்தவும்’. சந்தேகம் என்று எழுதினேனே, யாருடைய சந்தேகம், மூக்கு இல்லாதவளின் சந்தேகமும் அதில் சேர்த்தியா? அழுத்தினால் நூற்றிருபது பேர் வெளியே ஓடுவார்கள், மெஷினில் ஓடுகிற துணி பாழாகும், சார் வருவார், எங்கே வாசம் என்பார், இங்கே இல்லை அங்கே இல்லை என்று நான் திரும்பித் திரும்பி நிற்பேன், சிலிண்டரோடு வாசலில் நின்ற மாதிரி. கதவை விட்டு வெளியே எட்டி, சுத்திகரிப்புத் தொட்டியோரம் வேலையாக நின்றுகொண்டிருந்த மயில்சாமியைக் கூப்பிட்டேன். “ஏனுங்ணா, ஒரு நிமிஷம் வாங்க.” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இங்க ஏதாச்சும் வாசம் வருதுங்களா?” அவர் உள்ளே இரண்டு அடி வைத்து, முகத்தைத் தூக்கி, மூக்கை விரித்து இழுத்தார். நான் அவர் முகத்தையே பார்க்கிறேன், இவ்வளவு ஆசையாக ஒரு ஆம்பளை முகத்தை நான் பார்த்ததில்லை. “ஒண்ணுமில்லீங்களேக்கா.” “நல்லாப் பாருங்க.” “இல்லீங்க. நாள் பூரா அந்தச் சேத்துக்கிட்டயே நிக்கறனுங்க, எனக்கு என்ன வாசம் தெரியப்போவுது. உங்களுக்கே தெரியலீன்னா வேற யாருக்குத் தெரியும்?” சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிகிறதே, அதைத்தானே கேட்டேன்.

அவர் திரும்பி நடக்கிறார், ரப்பர் செருப்பு ஈரத்தில் சப் சப் என்கிறது. நாற்றத்திலேயே நிற்கிறவருக்கு நாற்றம் தெரியாது. பதினாலு மாதம் ஒன்றுமே மோக்காதவளுக்கு முதலில் வருவது, வந்தால், மிகவும் லேசாக வந்தாலும் பெரிதாகத்தான் தெரியும், இருட்டில் இருந்துவிட்டு வந்தால் ஒரு விளக்குக்கே கண் கூசுமே. இருபத்து இரண்டு. எல்லாம் சீல் உடைக்காதது. ரப்பர் நாற்றம் வந்தபோது தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது, எந்தப் பக்கம் போனாலும் ஒரே அளவாக இருந்தது, கொல்லைக்குப் போனாலும் இருந்தது. இது அப்படி இல்லை. இது இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் இல்லை. கதவு வாசலில் நின்றபோது இல்லவே இல்லை. பொய்க்கு இடம் கிடையாது. இதற்கு இடம் இருக்கிறது. இடது பக்கம் மூலை, பலகை, இருபத்து இரண்டு டிரம். மயில்சாமியின் செருப்புச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் ஞாபகம் வருகிறது, சக்கரம், கிறீச் என்று ஒரு சக்கரம், எப்போது கேட்டேன், இன்றைக்குத்தான், ஒன்பதே முக்காலுக்கு, நான் சீட்டு எழுதக் குனிந்திருந்தபோது, தள்ளுவண்டி, அதைத் தள்ளி வந்தவரின் குரல். “அக்கா, ராத்திரி ஷிப்ட்ல திறந்த டிரம்முங்க, மீதி இருக்குது, வெச்சுட்டுப் போறேன்.” நான் நிமிராமல் “வெச்சுட்டுப் போங்க” என்றேன். நிமிராமல். திறந்த டிரம். பாதி டிரம். தொடாத டிரம். இருபத்து மூன்று.

ஓடவில்லை. ஓடக் கூடாது என்று தெரியும், கால் தானாக வேகமாகப் போனது. வரிசையின் கடைசியில் தனியாக நிற்கிறது, மூடியை வளையம் போட்டுக் கட்டவில்லை, சும்மா மேலே வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பையின் வாய் ஒரு பக்கம் வெளியே தொங்குகிறது. அதற்கு நாலடி முன்னால் நின்றேன். வந்தது. முகத்தில் வந்து மோதியது, தீபாவளி விடிந்த தெரு போல. குத்தலும் கூடவே வந்தது, ஆனால் குத்தலுக்கு முன்னால் வாசனை வந்தது, இரண்டும் வேறு வேறு, எனக்குப் பிரித்துச் சொல்ல முடிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு புறங்கையை டிரம்மின் வயிற்றில் வைத்தேன். சூடு. டீ டம்ளர் சூடு இல்லை, ஆனால் மனுஷ உடம்பை விடச் சூடு. கையை எடுத்தேன். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். உள்ளே நனைந்த கரண்டியைப் போட்டு மூடியிருப்பார்கள், வேறொன்றும் இல்லை, சாயத் தொட்டியில் விட்டு எடுத்த கரண்டியை அப்படியே. அறுபது அடியும் எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது, சங்கை அழுத்தியது மட்டும் தெரியும், கட்டைவிரல் வெளுக்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த ஊளைக்குள் என் மனசு பாட்டுக்கு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, வந்துருச்சு, வந்துருச்சு. எது வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் எல்லாம் பலகையில் எழுதியபடிதான் நடந்தது, எனக்கே ஆச்சரியம். ஆட்கள் காற்று வரும் பக்கமாகப் போய் மேற்கு மதிலோரம் நின்றார்கள். மயில்சாமியும் நானும் நச்சுக் காற்றை வடிகட்டுகிற குப்பி வைத்த முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். டிரம் அப்போதும் புகையவில்லை, சூடுதான், அதனால் வெளியே எடுக்கலாம், புகைந்திருந்தால் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான் என்று அவரிடம் விரலால் காட்டினேன். அவர் தலையாட்டினார். தள்ளுவண்டியில் சாய்த்து ஏற்றினோம், அந்தச் சக்கரம் மறுபடி கிறீச்சிட்டது, வாசலைத் தாண்டும்போது குலுங்கியது, என் உயிர் அந்தக் குலுக்கலில் இருந்தது. வெட்டவெளியில், வடிகால் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகிற சிமெண்ட் தளத்தில் நிறுத்தி, மூடியைக் கழியால் தள்ளிவிட்டு விலகினோம். விலகின உடனே மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை எழுந்தது. யாரோ ஒரு ஆள் பக்கெட் தண்ணீரோடு ஓடி வருகிறார், நல்ல மனுஷன், உதவ வருகிறார். முகமூடியைத் தூக்கி, “ஊத்தாதீங்க, பக்கெட்டுத் தண்ணிக்கு இன்னும் எரியுமுங்க, முழுசா மூழ்கடிக்கோணும், பைப்பத் தொறங்க” என்றேன். தீயணைப்புக் குழாயை முழுசாகத் திறந்தார்கள். தூரத்தில் நின்று அடித்தார்கள், டிரம் நிரம்பி வழிந்து, புகை ஒரு தடவை பெரிதாக எழுந்து கிழக்கே வெறும் காட்டுப் பக்கம் சாய்ந்து, அப்புறம் மெலிந்து, அப்புறம் வெறும் தண்ணீர் வழிகிற சத்தம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மயில்சாமிக்குக் கொஞ்சம் இருமல். மதிலோரம் நின்றவர்களில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, தட்டலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

தண்டபாணி சார் வேர்த்த முகத்தோடு வந்தார். “அம்மா, உங்க மூக்கு இல்லீன்னா இன்னைக்கு அந்த ஸ்டோரே இருந்திருக்காது. ஆசிட்டு, காஸ்டிக்கு எல்லாம் சேர்ந்து எரிஞ்சிருந்தா...” சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் மூக்கைப் பார்த்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். ஆமாங்க என்று சொல்லியிருந்தால் போதும், இனிமேல் அது உண்மையும்கூட, மூக்கு வந்துவிட்டதே, பதினாலு மாதமும் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போயிருக்கும். அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன், பயந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். “சார், எனக்குப் பதினாலு மாசமா வாசம் தெரியாதுங்க.” அவர் புரியாமல் பார்த்தார். “காய்ச்சல்ல போயிருச்சுங்க. சொன்னா இந்த இடத்துல வெச்சுக்க மாட்டீங்கன்னு சொல்லலீங்க.” “அப்புறம் இன்னைக்கு?” “இன்னைக்குத் தெரிஞ்சுதுங்க. இன்னைக்குத்தான்.” அவர் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “பதினாலு மாசம், நூத்தியிருவது பேரு உள்ள இருந்திருக்கறாங்கம்மா.” “ஆமாங்க.” “நான் நிம்மதியாத் தூங்கியிருக்கறேன், நாயகியம்மா இருக்கறாங்கன்னு.” தலையைக் குனிய முடியவில்லை, குனிந்தால் அழுதுவிடுவேன், அதனால் அவரைப் பார்த்தே சொன்னேன், “மூக்கை நம்பி ஸ்டோர் வெக்காதீங்க சார். என் மூக்கு வேண்டாம், யார் மூக்கும் வேண்டாம். வாசம் கண்டுபிடிக்கிற கருவி மாட்டுங்க, ஸ்டோர்ல எப்பவும் ரெண்டு பேரு போடுங்க. திறந்த டிரம் திரும்பி வந்தா ரெண்டு பேரும் தொட்டுப் பார்க்கோணும். இன்னைக்கு நான் தொடலீங்க. அதையும் எழுதிக்கோங்க.” அவர் எழுதிக்கொள்ளவில்லை. “இப்ப வீட்டுக்குப் போங்க. டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அது வரைக்கும் ஸ்டோர் பக்கம் வேண்டாம்.” சரிங்க என்றேன். சாவியைக் கொடுத்தேன். அவர் கையில் வாங்கி, இரண்டடி போய், திரும்பி நின்று, “அந்தக் கருவி எங்க கிடைக்கும்னு விசாரிச்சு வெச்சிருக்கீங்களா” என்று கேட்டார். வைத்திருந்தேன். எட்டு மாதமாக என் மேசை இழுப்பறையில் அந்தத் தாள் இருக்கிறது. சொன்னேன்.

பன்னிரண்டு மணி வெயிலில் பஸ். வேலை இருக்குமோ இருக்காதோ. இந்த நேரத்தில் நான் பஸ்ஸில் போனதே இல்லை. துக்கப்பட வேண்டிய நேரம் இது என்று எனக்கே தெரிகிறது, ஆனால் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கிறது, ஏறுகிற ஒவ்வொருவரும் என்ன வாசனையோடு ஏறுகிறார்கள் என்று காத்திருக்கிறேன். எதுவும் வரவில்லை. பூ வைத்த பெண் ஒருத்தி ஏறினாள், ஒன்றுமில்லை. டீசல் இல்லை, வியர்வை இல்லை. பரவாயில்லை. ஒருவேளை அந்த ஒன்று மட்டும்தானோ. ஒருவேளை அது வெறும் குத்தல்தானோ, ஆசையில் நான்தான் வாசனை என்று பேர் வைத்துவிட்டேனோ. கண்டக்டர் யாரையோ திட்டுகிற சத்தம். “இதெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது.” படிக்கட்டில் ஒரு அம்மா, இடுப்பில் சாக்குப் பை, சந்தைக்குப் போகிறவர். முன் சீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்து நகர்ந்து உட்காருகிறார்கள், புடவைத் தலைப்பு மூக்குக்குப் போகிறது. அந்த அம்மா யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, என் பக்கத்தில் இடம் இருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார். “உக்காருங்க” என்றேன். பையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் குனிந்தேன். செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக மூச்சை இழுத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பையின் வாய் கொஞ்சம் திறந்தது. உப்பு. உப்புக்குப் பின்னால் வெயில். வெயிலுக்குப் பின்னால், அடி வயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி, அது.

“நெத்திலிக் கருவாடுங்களா?” என்றேன்.

அந்த அம்மா பதறிப்போய்ப் பையை இழுத்துக் கட்டினார். “ஆமா கண்ணு. நாலு பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் கட்டிக்கிட்டு வந்தேன். ரொம்ப அடிக்குதா?”

“அடிக்குதுங்க” என்றேன். “நல்லா அடிக்குதுங்க.”